பேராசிரியர் ஹக்ஸ்லி

டார்வினுடைய பெயரைக் கேட்டறியாதார் கற்றோருள் இலர். உயிர்கள் யாவும் தத்தம் முன்னோரிடமிருந்து படிப்படியே திரிபுற்று வந்தன என்னும் பரிணாமக் கொள்கையை அவர் 1859ஆம் ஆண்டிலே நூல் வாயிலாக விளக்கினார். நோயுற்ற உடம்பும் அமைதியான உள்ளமும் உடைய அப்பெரியார் அவைக்களம் புகுந்து வழக்காட விரும்பினாரல்லர். அவர்பொருட்டு அக்களம் புகுந்தவர் தோமாஸ் ஹென்றி ஹக்ஸ்லி என்பார். அதுபற்றியே அவரை டார்வினுடைய காவல்நாய் என உலகம் வழங்குவதாயிற்று. ஆயினும் வழக்காடியதினும் பெரியதொரு தொண்டினை அவர் வகுப்பறையிலே ஆற்றினர் என்பது நமது துணிபு. அத்தொண்டினைக் குறித்தே நாம் ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம்.

ஹக்ஸ்லியார் 1825ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் இலண்டன் மாநகர்க்கு அணித்தாகிய ஈலிங் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஒரு பள்ளியிற் கணித உபாத்தியாயர். அவ்வாறிருந்தும் மைந்தர்க்கு வாய்த்த பள்ளிப்படிப்பு ஏறக்குறைய இரண்டாண்டே. குடும்பம் நலிவுறவே, அவர் கைக்குக் கிட்டிய நூல்களைத் தாமே கற்றும், ஜெர்மன் மொழியைத் தாமே பயின்றும் அறிவை வளர்த்துக்கொண்டார். பின்னர்ச் சேரிங் கிராஸ் மருத்துவசாலையிற் பயின்று, 1845ஆம் ஆண்டில், மயிரின் வேரைச் சூழ்ந்த உறையில் அதுகாறும் எவரும் காணாத ஓர் அடுக்கினைக் கண்டு வெளியிட்டார். அவ்வடுக்கு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

1846இல் ராட்டில்ஸ்நேக் என்னும் போர்க்கப்பலில் உதவி வைத்தியராக அமர்ந்து, ஆஸ்திரேலியா, நியூகினி ஆகிய நாடுகளின் கரையோரங்களில் நான்காண்டு திரிந்தார். சொறி முதலிய கடற்பிராணிகளை அங்கே ஆராய்ந்து அவர் எழுதியனுப்பிய கட்டுரைகள் அறிஞரை வியப்பித்தன. 1851இல், இருபத்தாறாம் அகவையிலே, ராயல் சொசைட்டி அவரைத் தன் அங்கத்தினராக ஏற்றது. 1854இல் அரசாங்கச் சுரங்கக் கலாசாலையில் ஆசிரியரானார். அடுத்த ஆண்டு தொடங்கிக் கூலித் தொழிலாளர்க்கெனத் தனியே பிரசங்கங்கள் செய்துவந்தார். பகலெல்லாம் உழைத்த மக்கள் மாலையில் வந்து அவர் வாய்மொழியைக் கேட்டனர். அரிய பொருளை எளிய சொல்லால் உரைக்கும் ஆற்றலை அவர் அம்மக்களிடமிருந்தே கற்றனர் எனலாம்.

1860ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரிற் கூடிய பேரவையில், அத்தியட்சர் வில்பர்போர்ஸ் என்பார் டார்வின் கொள்கையை மறுத்துப் பேச, ஹக்ஸ்லியார் எதிர்த்துரைத்தார். அன்று பேசிய சொற்களைப் பலர் பலவாறு எழுதியுள்ளனராதலின் அவற்றை நாம் ஈண்டு எடுத்தோதிலம். அவ்வாண்டு செப்டம்பரில் அவருடைய மூத்த மைந்தன் நான்கு வயதும் நிரம்பாத பருவத்தே செங்காய்ச்சலால் இறந்தான். சமய குருவாகிய கிங்ஸ்லி என்னும் நண்பர் ஆறுதல் கூறி எழுதினார். துயரம் மிக்க அவ்வேளையிலும், சான்றில்லாத ஒன்றை ஆறுதலின்பொருட்டு நம்புதல் தமக்கு இயலாது என்று ஹக்ஸ்லியார் பணிவோடு விடையெழுதினார். இருவர் நட்பும் அதனாற் குன்றவில்லை.

இந்நேர்மையே அவருடைய போதனைக்கும் அடிப்படையாயிற்று. டார்வினுக்காக வாதாடிய அவரே, இயற்கைத் தெரிவு என்னும் பகுதி இன்னும் முற்றும் நிறுவப்படவில்லை என்று வெளிப்படையாகக் கூறிவந்தார். ஓரினத்தினின்று மனிதர் தெரிந்தெடுத்து வளர்த்த வகைகள் தம்முட் கூடிக் கருவுறாத நிலையை எய்தினாலன்றி அச்சான்று நிறைவுறாது என்பது அவர் கருத்து. நண்பருடைய கொள்கை என்பதற்காக அதன் குறையை அவர் மறைத்தாரல்லர்.

1870இல் இங்கிலாந்தில் ஆரம்பக்கல்விச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டே ஹக்ஸ்லியார் இலண்டன் பள்ளிக் கழகத்தின் உறுப்பினராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். சமயப் பகைவர் என்று பலரால் தூற்றப்பட்ட அவர், பள்ளிகளில் வேதாகமம் வாசிக்கப்படுதலை ஆதரித்தார். சமயப் பிரிவினரின் கோட்பாடுகளைப் புகட்டுதலையே மறுத்தார்.

உயிர்நூல் கற்பிக்கவல்ல உபாத்தியாயர் நாட்டில் அரியராயிருந்தனர். ஆதலின் 1871ஆம் ஆண்டுக் கோடையிற் சவுத் கென்சிங்டனில் உபாத்தியாயர்களை வரவழைத்துப் புதுமுறையொன்றைத் தொடங்கினார். காலையிற் பிரசங்கம் கேட்டவர்கள், பின்னர்த் தங்கள் கையாலேயே அறுத்தும் நுண்ணோக்கியாற் பார்த்தும் கேட்டவற்றைச் சோதித்தல் வேண்டும். நுரைமம், அமீபா, பெரணி, அவரை, நன்னீர்ச் சிப்பி, நண்டினத்தைச் சேர்ந்த நன்னீர் இறால், தவளை எனச் சில உயிர்களையே மாதிரியாகக் கொண்டு உயிருலகம் முழுவதையும் உணர்த்தினார். மார்ட்டின் என்னும் உதவியாளரோடு சேர்ந்து 1875இல் இதனை ஒரு நூலாகவும் வெளியிட்டார். நம் நாட்டுக் கல்லூரிகளில் தவளையை அறுத்து உயிர்நூல் பயின்றோர் பலரும் இம்முறைக்குக் கடன்பட்டவரே.

இயேசு சபைக் குரு ஒருவர் 1876இல் அவரிடம் மாணாக்கராயிருந்தார். பொதுமேடைகளிற் பரிணாமத்தை முழங்கும் ஆசிரியர் வகுப்பில் அதைப் பெரும்பாலும் பேசாதிருத்தல் ஏன் என்று அவர் வினவினார். வகுப்பிலே உண்மைகளை முழுமையாக எடுத்துவைக்கக் காலமும் அவற்றை எடைபோடவல்ல மாணாக்கரும் உண்டு. மேடையிலோ உண்மைகளை விரைந்து கடந்து தம் முடிபினையே கூறவேண்டியுளது என்னும் பொருள்பட ஹக்ஸ்லியார் விடையிறுத்தார். மாணாக்கன் தன் கண்ணாற் கண்டு தானே முடிபு செய்தல் வேண்டும் என்பதே அவர் நோக்கம் எனக் கொள்கின்றோம்.

அவ்வாண்டே அமெரிக்கா சென்ற அவர், யேல் சர்வகலாசாலையில் மார்ஷ் என்பார் சேர்த்துவைத்திருந்த குதிரைப் புதைபடிவங்களைக் கண்டார். பல விரல்களையுடைய சிறு பிராணி ஒற்றைக் குளம்புக் குதிரையான வரலாறு அவ்வெலும்புகளில் வரிசையாக நின்றது. குதிரையினம் ஐரோப்பாவில் தோன்றிற்று என்று தாம் கொண்டிருந்த கருத்தை உடனே விடுத்து, நியூயார்க்கில் நிகழ்த்தவிருந்த பிரசங்கத்தையும் அதற்கேற்ப மாற்றி எழுதினார்.

அவர் குற்றமற்றவர் என்று நாம் கூறவில்லை. மனித வகுப்பாரை உயர்ந்தோர் தாழ்ந்தோர் என வரிசைப்படுத்திய அக்காலத்தார் எண்ணத்தினின்று அவரும் நீங்கினாரல்லர். சான்றுகொண்டு சோதிக்கும் அவர்தம் முறையாலேயே பின்வந்த விஞ்ஞானிகள் அவ்வெண்ணத்தைத் தள்ளினர்.

1895ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29ஆம் நாள் ஈஸ்ட்போர்னில் அவர் காலமானார். அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1925இல், மனிதன் தாழ்ந்த உயிர்களினின்று வந்தான் எனப் பொதுப்பள்ளிகளிற் கற்பித்தல் குற்றமென்று அமெரிக்காவின் டென்னசி நாட்டார் சட்டம் இயற்றினர். ஸ்கோப்ஸ் என்னும் இளம் உபாத்தியாயர்க்கு நூறு டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அத்தண்டனை 1927இல் மேல்நீதிமன்றத்தில் நீக்கப்பட்டதாயினும், சட்டம் 1967 வரை நின்றது.

சட்டத்தால் ஒரு கொள்கையை வகுப்பறையினின்று விலக்குதலும், சான்று காட்டாது அதனை நெட்டுருப் பண்ணுவித்தலும் மாணாக்கனுடைய கண்களை மறைத்தலில் ஒன்றேயாம். நன்மாணாக்கர்காள்! நும் ஆசிரியர் கூறும் எதனையும் நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்க்க நுமக்கு உரிமையுண்டு. பார்த்தபின் ஏற்றுக்கொள்ளும் துணிவும், பிழையெனக் கண்டால் தம் கருத்தையே விடும் துணிவும் நும்பால் வளருமாயின், அதுவே பேராசிரியர் ஹக்ஸ்லிக்கு நாம் செலுத்தும் குருதக்ஷிணையாகும்.