லத்தீன் இலக்கணத்தை வச்சு தமிழ் கத்துக்கிட்டவர்: யார் இந்த அண்ட்ரிக் அடிகளார்? மண்டபம் பக்கத்து வேதாளையில் என்ன நடந்தது?

ராமநாதபுரத்தில் இருந்து ராமேஸ்வரம் போற வழியில், மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னாடி வரும் கடலோர ஊர் வேதாளை. பஸ்ஸில் போனா சில நிமிஷத்தில் கடந்துடுவோம். ஆனால் 1549-ல் இங்கே நடந்த ஒரு சண்டை, தமிழ் அச்சு வரலாற்றில் முக்கியமான ஒருவரை முன்னுக்குக் கொண்டு வந்தது. அவர்தான் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். நம்ம ஊரில் அண்ட்ரிக் அடிகளார்.

யார் இவர்?

1520-ல் போர்ச்சுகல் நாட்டின் விலா விசோசா ஊரில் பிறந்தவர். யூத வம்சாவளிக் குடும்பம். அந்தக் காலத்து போர்ச்சுகலில் அது பெரிய தடை. முதலில் சேர்ந்த பிரான்சிஸ்கன் சபையில் இருந்து, அந்தப் பூர்வீகத்தைக் காரணம் காட்டியே அவரை வெளியே அனுப்பிட்டாங்க. கோயம்பரா பல்கலைக்கழகத்தில் படித்தவர், 1545-ல் இயேசு சபையில் சேர்ந்தார். அடுத்த வருஷமே கோவாவுக்குக் கப்பல். 1547-ல் முத்துக்குளித்துறைக்கு, அதாவது தூத்துக்குடி, புன்னைக்காயல், வேதாளை எனப் பரவியிருந்த கடலோரத்துக்கு அனுப்பப்பட்டார்.

தமிழ் தெரியாததால் என்ன சிக்கல்?

அதுவரை வந்த பாதிரியார்கள் மொழிபெயர்ப்பாளரை நம்பியே இருந்தாங்க. விளைவு? பிரார்த்தனையில் 'விசுவசிக்கிறேன்' என்று வர வேண்டிய இடத்தில் 'வேணும்' என்று இருந்தது. பிரான்சிஸ் சேவியர் அதைக் கண்டுபிடித்து, 1544-ல் சக பணியாளருக்குக் கடிதம் எழுதித் திருத்தச் சொன்னார். ஒரே ஒரு வினைச்சொல் மாறினதில் மொத்த அர்த்தமும் மாறிப்போச்சு. நடுவில் இருக்கிற ஆள் தப்பா சொன்னா, பேசுறவருக்கும் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது. ஹென்றிக்கஸ் தமிழைத் தானே கத்துக்க முடிவு செய்தது இந்தச் சூழலில்தான்.

லத்தீன் எப்படி உதவியது?

அவர் கையில் தமிழ் பாடப்புத்தகம் எதுவும் இல்லை. இருந்தது பள்ளியில் படிச்ச லத்தீன் இலக்கணம். லத்தீன் மாணவர்கள் 'அமோ, அமாஸ், அமாத்' என்று வினைச்சொல்லை மனப்பாடம் செய்வாங்க. நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான் என்பதுதான் அதன் பொருள். அதே மாதிரி தமிழ் வினைகளுக்கும் இறந்தகாலம், எதிர்காலம் என வாய்பாடு போட்டார். பெயர்ச்சொற்களை வேற்றுமை வாரியாகப் பிரித்தார். சில மாதங்களிலேயே மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசும் அளவுக்கு வந்துட்டார்.

லத்தீன் வேற்றுமையும் தமிழ் வேற்றுமையும் ஒன்றா?

பாதி ஒன்று, பாதி வேறு. சுருக்கமாகப் பார்ப்போம்.

* நாமினேட்டிவ்: நம்ம எழுவாய், முதல் வேற்றுமை.
* அக்யூசேட்டிவ்: 'ஐ' உருபு, இரண்டாம் வேற்றுமை. வலையை இழுத்தான்.
* டேட்டிவ்: 'கு' உருபு, நான்காம் வேற்றுமை. கடலுக்குப் போனான்.
* ஜெனிட்டிவ்: 'உடைய' என்ற பொருள், ஆறாம் வேற்றுமை. படகினது பாய்.
* வொகேட்டிவ்: விளி, எட்டாம் வேற்றுமை. அண்ணா, வாங்க.
* அப்லேட்டிவ்: இங்கேதான் சிக்கல். கத்தியால் வெட்டினான், கரையில் இருந்து கிளம்பினான், படகில் இருந்தான். தமிழில் மூன்று, ஐந்து, ஏழு என மூன்று வேற்றுமைகள் செய்யும் வேலையை லத்தீன் பெரும்பாலும் இந்த ஒரே பெட்டிக்குள் போட்டுவிடும்.

லத்தீனுக்கு ஆறு, தமிழுக்கு எட்டு என்ற கணக்கு இதனால்தான். 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடும் லத்தீனில் கிடையாது. இரண்டுக்கும் 'நோஸ்' என்ற ஒரே சொல்தான். 'செய்யேன்' என்று வினைக்குள்ளேயே மறுப்பை வைக்கும் வசதியும் அங்கே இல்லை. லத்தீன் சட்டகம் தமிழுக்குள் நுழைய வாசலாக உதவியது. ஆனால் வீடு முழுக்க அதுக்குள் அடங்காது.

வேதாளையில் என்ன நடந்தது?

வேதாளையில் போர்ச்சுகீசியப் படை ஒன்று இருந்தது. ராமேஸ்வரம் போகும் பக்தர்களின் வழியை மறித்துப் பணம் வசூலித்தது பகையை வளர்த்தது. 1549-ல் விஜயநகரப் படை தாக்கியது. மக்களைப் படகுகளில் ஏற்றிவிட்டுக் கரையிலேயே நின்ற இத்தாலியப் பாதிரியார் அந்தோணி கிரிமினாலி கொல்லப்பட்டார். அந்தக் கடலோரப் பணியின் தலைவர் அவர். அடுத்து அந்தப் பொறுப்பு ஹென்றிக்கஸிடம் வந்தது. பூர்வீகத்தைச் சொல்லி ஒரு சபை வெளியேற்றிய மனிதரை, தமிழ் தெரிந்தவர் என்ற தகுதி தலைமைக்குக் கொண்டு வந்தது.

அவர் எழுதியது என்ன?

* தமிழ் இலக்கணம்: 1549 வாக்கில் போர்ச்சுகீசிய மொழியில் எழுதத் தொடங்கியது. புலவர் தமிழ் அல்ல, கடலோர மக்கள் பேசிய தமிழ். கையெழுத்துப் பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கு. அச்சில் வந்தது 1982-ல்தான்.
* தம்பிரான் வணக்கம்: 1578 அக்டோபர் 20, கொல்லம். 16 பக்கம். இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம்.
* கிரீசித்தியானி வணக்கம்: 1579, கொச்சி.
* அடியார் வரலாறு: 1586. 600 பக்கங்களுக்கு மேல்.

அவருக்குப் பிறகு?

1600-ல் புன்னைக்காயலில் இறந்தார். சுமார் 130 வருஷம் கழித்து வீரமாமுனிவர் இதே பாதையில் இன்னும் தூரம் போனார். பேச்சுத் தமிழுக்கும் செந்தமிழுக்கும் லத்தீனில் தனித்தனி இலக்கணம் எழுதினார். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என ஐந்தையும் தொன்னூல் விளக்கத்தில் தமிழிலேயே சொன்னவர், அவற்றை லத்தீன் வாசகருக்கும் தனி நூலாக எழுதினார். ஐரோப்பிய மாணவர்கள் மெட்டபோரா என்று படித்ததை இங்கே உருவகம் என்பார்கள் என்று ஒப்பிட்டுப் படிக்க வழி கிடைத்தது.

ஏன் இன்றைக்கு இவரைத் தெரிஞ்சுக்கணும்?

புது மொழி கத்துக்கும்போது நாமும் இதைத்தான் செய்றோம். இங்கிலீஷை தமிழ் வேற்றுமையில் வச்சுப் பார்க்கிறோம். எங்கே பொருந்தலையோ, அங்கேதான் அந்த மொழியின் தனித்தன்மை இருக்கு. அடுத்த முறை ராமேஸ்வரம் போகும்போது வேதாளை போர்டு கண்ணில் பட்டால், 'வேணும்' என்ற ஒரு சொல் தப்பானதில் இருந்து அச்சுப் புத்தகம் வரை வந்த இந்தக் கதையை நினைச்சுக்கோங்க.