கணேஷ் சங்கர் வித்யார்த்தி

கணேஷ் சங்கர் வித்யார்த்தி (அக்டோபர் 26, 1890 - மார்ச் 25, 1931) இந்திய விடுதலைப் போராட்ட வீரர், இந்தி இதழாளர், அரசியல்வாதி ஆவார். கான்பூரில் இருந்து வெளிவந்த பிரதாப் இதழின் நிறுவனரும் ஆசிரியரும் இவரே. பகத் சிங் உள்ளிட்ட புரட்சியாளர்களுக்குத் தம் இதழிலும் அலுவலகத்திலும் இடம் அளித்தவர். பகத் சிங், ராஜகுரு, சுகதேவ் ஆகியோர் தூக்கிலிடப்பட்டதை அடுத்துக் கான்பூரில் மூண்ட இந்து - முஸ்லிம் கலவரத்தில், இரு சமயத்தவரையும் காப்பாற்றும் முயற்சியில் ஈடுபட்டிருந்தபோது கொல்லப்பட்டார்.

இளமை

வித்யார்த்தி அலகாபாத்தில் அதர்சுயா என்னும் பகுதியில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். இவரது குடும்பத்தின் சொந்த ஊர் பதேப்பூர் மாவட்டத்தில் உள்ள ஹத்காவ் ஆகும். தந்தை ஜெய் நாராயண் குவாலியர் சமஸ்தானத்தில் முங்காவலி என்னும் ஊரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். உருதுவும் ஆங்கிலமும் கற்ற வித்யார்த்தி 1907 இல் நுழைவுத் தேர்வில் வெற்றி பெற்று அலகாபாத்தின் காயஸ்த பாடசாலைக் கல்லூரியில் சேர்ந்தார். வறுமை காரணமாகப் படிப்பைத் தொடர இயலவில்லை.

பின்னர் கான்பூரில் நாணய அலுவலகத்தில் எழுத்தராகவும், அதன் பிறகு பள்ளி ஆசிரியராகவும் சிறிது காலம் பணியாற்றினார். இக்காலத்தில் பண்டித சுந்தர்லாலின் கர்மயோகி போன்ற தேசிய இதழ்களைப் படிக்கவும் அவற்றுக்கு எழுதவும் தொடங்கினார். வாழ்நாள் முழுவதும் கற்பவனாகவே இருக்க வேண்டும் என்னும் கருத்தில், மாணவன் எனப் பொருள்படும் வித்யார்த்தி என்பதைத் தம் பெயருடன் சேர்த்துக் கொண்டார்.

இதழியல் பணி

1911 இல் மகாவீர் பிரசாத் துவிவேதி நடத்திய சரஸ்வதி என்னும் இலக்கிய இதழில் துணையாசிரியராகச் சேர்ந்தார். அரசியலில் இருந்த ஆர்வத்தால், மதன் மோகன் மாளவியா தொடங்கிய அப்யுதயா இதழுக்குப் பின்னர் மாறினார். 1913 இல் கான்பூருக்குத் திரும்பி, சிவநாராயண் மிஸ்ரா முதலிய நண்பர்களுடன் சேர்ந்து நவம்பர் 9 அன்று பிரதாப் வார இதழைத் தொடங்கினார். மேவார் மன்னர் மகாராணா பிரதாப்பின் நினைவாக அப்பெயர் இடப்பட்டது. 1920 இல் பிரதாப் நாளிதழாகவும் வெளிவரத் தொடங்கியது.

விவசாயிகள், ஆலைத் தொழிலாளர்கள், சமஸ்தான மக்கள் ஆகியோரின் குறைகளை பிரதாப் தொடர்ந்து எழுதி வந்தது. சம்பாரண் அவுரி விவசாயிகளின் நிலையைப் பற்றியும் கான்பூர் ஆலைத் தொழிலாளர்களின் கோரிக்கைகளைப் பற்றியும் அதில் செய்திகள் வெளிவந்தன. இதனால் அரசும் நிலக்கிழார்களும் பிரதாப்பைப் பகைத்தனர். பிணைத்தொகை கேட்பது, வழக்குத் தொடுப்பது, ஆசிரியரைச் சிறையில் அடைப்பது ஆகிய நடவடிக்கைகளை அவ்விதழ் பலமுறை எதிர்கொண்டது.

1921 சனவரி 7 அன்று ரேபரேலி மாவட்டம் முன்ஷிகஞ்சில் திரண்டிருந்த விவசாயிகள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. அதில் தாலுக்தார் வீர்பால் சிங்குக்குப் பங்கு உண்டு என பிரதாப் எழுதியது. அவர் தொடுத்த அவதூறு வழக்கில் வித்யார்த்தி தண்டனை பெற்றுச் சிறை சென்றார். 1922 மே மாதத்தில் விடுதலையான அவர், பதேப்பூரில் நிகழ்த்திய ஓர் உரைக்காக 1923 இல் இராசத்துரோகக் குற்றச்சாட்டில் மீண்டும் சிறைப்பட்டு 1924 இல் வெளிவந்தார். விக்டர் ஹியூகோவின் புதினத்தையும் இவர் இந்தியில் மொழிபெயர்த்துள்ளார்.

அரசியல் பணி

1916 முதல் காந்தியின் தொடர்பு இவருக்கு ஏற்பட்டது. 1925 இல் கான்பூரில் நடந்த இந்திய தேசிய காங்கிரசு மாநாட்டின் வரவேற்புக் குழுவில் முக்கியப் பொறுப்பு வகித்தார். 1926 முதல் 1929 வரை ஐக்கிய மாகாணச் சட்டமன்றத்தில் கான்பூர் உறுப்பினராக இருந்தார். பின்னர் மாகாணக் காங்கிரசுக் குழுவின் தலைவரானார். 1930 இல் சட்டமறுப்பு இயக்கத்தை மாகாணத்தில் முன்னின்று நடத்தியதற்காகக் கைது செய்யப்பட்டார். 1931 மார்ச் 5 அன்று காந்தி - இர்வின் உடன்பாடு கையெழுத்தான பின், மார்ச் 9 அன்று ஹர்தோய் சிறையிலிருந்து விடுதலை பெற்றார். அதன் பிறகு அவர் வாழ்ந்தது 16 நாட்கள் மட்டுமே.

புரட்சியாளர்களுடன் தொடர்பு

வித்யார்த்தி காங்கிரசின் அறவழிப் போராட்டத்தை ஏற்றவர். ஆயினும் ஆயுதம் ஏந்திய இளைஞர்களின் நாட்டுப்பற்றை மதித்தார். திருமணத்தைத் தவிர்ப்பதற்காக லாகூரை விட்டு வெளியேறிய பகத் சிங், பல்வந்த் சிங் என்னும் புனைபெயரில் பிரதாப் அலுவலகத்தில் தங்கிப் பணியாற்றினார். 1926 பிப்ரவரியில் பப்பர் அகாலி இயக்கத்தினர் ஆறு பேர் ஹோலிப் பண்டிகையை ஒட்டித் தூக்கிலிடப்பட்டபோது, அதனைப் பற்றிப் பகத் சிங் எழுதிய கட்டுரை ஒரு பஞ்சாபி இளைஞன் என்ற பெயரில் பிரதாப்பில் வெளிவந்தது. அதை எழுதியவரும் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் தூக்குமேடை ஏறினார்.

1927 டிசம்பரில் காகோரி வழக்கில் ராம் பிரசாத் பிஸ்மில், அஷ்பகுல்லா கான் உள்ளிட்ட நால்வர் தூக்கிலிடப்பட்டனர். பிஸ்மில் சிறையில் எழுதிய தன்வரலாறு பிரதாப் அச்சகத்தின் வாயிலாக வெளிவந்தது. உடனே அரசு அதனைத் தடை செய்தது. ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் ஒரே குற்றச்சாட்டில் ஒரே நாளில் உயிர் துறந்ததைச் சமய ஒற்றுமைக்குச் சான்றாகப் பலரும் கருதினர்.

சமயம் பற்றிய கருத்துகள்

1920களின் நடுப்பகுதியில் வட இந்தியாவில் சமய மோதல்கள் பெருகின. கிலாபத் இயக்கக் காலத்தில் இருந்த ஒற்றுமை குலைந்தது. மதமாற்ற இயக்கங்களும் அவற்றுக்கு எதிரான இயக்கங்களும் போட்டியிட்டன. இச்சூழலில் வித்யார்த்தி எழுதிய தர்ம கீ ஆட் (சமயத்தின் மறைவில்) என்னும் கட்டுரை பள்ளிப் பாடநூலிலும் இடம்பெற்றிருந்தது. சமயத்தின் உட்பொருளை அறியாத எளிய மக்களின் நம்பிக்கையைச் சூழ்ச்சிக்காரர் சிலர் தம் நலனுக்குப் பயன்படுத்துகின்றனர் என்பது அக்கட்டுரையின் மையக் கருத்து ஆகும். விடுதலைப் போராட்டத்தில் மதத் தலைவர்களுக்கு இடம் கொடுத்தது பிழை என்றும் அதில் வாதிட்டார். வழிபாட்டை விட நன்னடத்தையே சமயத்தின் அடையாளம் என்றும், பிறருக்குத் தீங்கு செய்யும் பக்தரை விட நல்லொழுக்கம் உள்ள நாத்திகர் மேலானவர் என்றும் அவர் கருதினார்.

மூவர் தூக்கும் கான்பூர்க் கலவரமும்

லாகூர் சதி வழக்கு தனி அவசரச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட சிறப்புத் தீர்ப்பாயத்தால் விசாரிக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் முன்னிலையில் இல்லாமலே விசாரணையின் பெரும்பகுதி நடந்தது. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யும் வாய்ப்பும் அளிக்கப்படவில்லை. 1930 அக்டோபர் 7 அன்று மூவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. காந்தி - இர்வின் உடன்பாட்டினால் பல்லாயிரவர் விடுதலையானபோதும், வன்முறை வழக்குகளில் தண்டிக்கப்பட்டோருக்கு அது பொருந்தவில்லை. தண்டனைக் குறைப்பு வேண்டி நாடெங்கும் எழுந்த கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. 1931 மார்ச் 23 அன்று மாலை லாகூர்ச் சிறையில் மூவரும் தூக்கிலிடப்பட்டனர். உடல்கள் உறவினரிடம் ஒப்படைக்கப்படாமல் இரவோடு இரவாகச் சட்லஜ் ஆற்றங்கரையில் எரிக்கப்பட்டன. இச்செய்தி மக்களிடையே பெருஞ்சினத்தை உண்டாக்கியது.

மார்ச் 24 அன்று பல நகரங்களில் துக்கக் கடையடைப்பு நடைபெற்றது. கான்பூரில் ஏற்கெனவே இரு சமூகங்களுக்கும் இடையே கசப்பு நிலவியது. 1930 போராட்டத்தில் முஸ்லிம்களில் பெரும்பாலோர் பங்கு கொள்ளாததும், மறியல்களால் முஸ்லிம் வணிகர்கள் பாதிக்கப்பட்டதும் இதற்குக் காரணங்கள் ஆகும். 1931 பிப்ரவரியில் பனாரசில் நடந்த கலவரமும் அச்சத்தை வளர்த்திருந்தது. கடையடைப்பு நாளில் முஸ்லிம்களின் கடைகளையும் மூடுமாறு தொண்டர்கள் வற்புறுத்தினர். வாய்ச்சண்டை கல்வீச்சாகி, கல்வீச்சு கொலையாகவும் தீவைப்பாகவும் மாறியது. சில நாட்களுக்கு நீடித்த கலவரத்தில் சில நூறு பேர் இறந்தனர். கோயில்களும் மசூதிகளும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அந்நிய ஆட்சிக்கு எதிராக எழுந்த சினம் அண்டை வீட்டார் மீது திரும்பியது.

இறப்பு

வித்யார்த்தி அப்போது கராச்சியில் நடைபெறவிருந்த காங்கிரசு மாநாட்டுக்குச் செல்ல வேண்டியிருந்தது. கலவரம் மூண்டதால் கான்பூரிலேயே தங்கினார். மார்ச் 24 அன்று முழுவதும் தெருத்தெருவாகச் சென்று கூட்டத்தினரைத் தடுக்க முயன்றார். மறுநாள் காலை, இந்துக்கள் மிகுந்த பெங்காலி மொஹால் பகுதியில் சிக்கியிருந்த முஸ்லிம் குடும்பங்களை மீட்டுப் பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பினார்.

பின்னர் முஸ்லிம்கள் மிகுந்த பகுதியில் இந்துக்கள் சிக்கியிருப்பதை அறிந்து, சில தொண்டர்களுடன் அங்கே சென்றார். அவர்களில் முஸ்லிம்களும் இருந்தனர். அங்கும் பலரை வெளியேற்றினார். அன்று பிற்பகலில் சவுபே கோலா என்னும் இடத்துக்கு அருகில் ஒரு கூட்டம் அவரைச் சூழ்ந்தது. அவரை அறிந்த முஸ்லிம்கள் சிலர் தடுத்தும் பயனில்லை. உடனிருந்தவர் அவரைச் சந்துக்குள் இழுத்துக் காப்பாற்ற முயன்றதாகவும், ஓடித் தப்ப அவர் மறுத்ததாகவும் கூறப்படுகிறது. அங்கேயே அவர் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 40.

இரண்டு நாட்கள் அவரைப் பற்றி உறுதியான செய்தி இல்லை. மார்ச் 27 அன்று மருத்துவமனையில் குவிக்கப்பட்டிருந்த பிணங்களிடையே அவரது உடல் கண்டெடுக்கப்பட்டது. முகம் அடையாளம் தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தது. கதர் உடையையும் சட்டைப் பையில் இருந்த கடிதங்களையும் கொண்டே அடையாளம் காணப்பட்டது. மார்ச் 29 அன்று இறுதிச் சடங்கு நடைபெற்றது.

விசாரணைகள்

கலவரத்தின் தொடக்கத்தில் காவல்துறை வேடிக்கை பார்த்ததாகப் பல தரப்பினரும் குற்றம் சாட்டினர். அரசு நியமித்த விசாரணைக் குழுவும் காவல்துறையின் செயலின்மையைக் குறைகூறியது. கராச்சி மாநாட்டில் காங்கிரசு பகவான் தாஸ் தலைமையில் தனிக் குழு ஒன்றை அமைத்தது. சுந்தர்லால் அதன் செயலாளராக இருந்தார். அக்குழு கான்பூர் நிகழ்வுகளுடன் நில்லாமல், இந்து - முஸ்லிம் உறவின் நீண்ட வரலாற்றையும், அது சீர்குலைந்த காரணங்களையும் ஆராய்ந்தது. 1933 இல் வெளிவந்த அவ்வறிக்கையை ஆங்கிலேய அரசு தடை செய்தது.

நினைவு

வித்யார்த்தியின் இறப்பு கராச்சி மாநாட்டில் கூடியிருந்தோரைப் பெரிதும் பாதித்தது. காந்தி தம் அஞ்சலியில், அவருடைய குருதி இரு சமூகங்களையும் பிணைக்கட்டும் என்னும் கருத்தைத் தெரிவித்தார். வித்யார்த்திக்குப் பின்னும் பிரதாப் இதழ் பல ஆண்டுகள் வெளிவந்தது. கவிஞர் பாலகிருஷ்ண சர்மா நவீன் அதன் ஆசிரியர்களில் ஒருவர்.

1962 இல் இந்திய அஞ்சல் துறை இவருக்கு நினைவு அஞ்சல்தலை வெளியிட்டது. கான்பூர் மருத்துவக் கல்லூரி இவர் பெயரைத் தாங்கியுள்ளது. இந்தி இதழியலில் சிறந்து விளங்குவோருக்கு இவர் பெயரில் விருதும் வழங்கப்பட்டு வந்துள்ளது. பகத் சிங்கின் நினைவு நாளுக்கு இரண்டு நாட்களுக்குப் பின் வித்யார்த்தியின் நினைவு நாள் வருகிறது.