ஒரு ரூபாய் சம்பளத்திலிருந்து ஹைகோர்ட் வரை: சர் தி. முத்துசாமி ஐயர்



என் பேரன் இங்கே புனேயில் மூன்று வருஷ சட்டப் படிப்பு படித்துக்கொண்டே ஒரு வக்கீல் ஆபீசிலும் உதவிக்குப் போகிறான். காலையில் வகுப்பு. மத்தியானம் கேஸ் கட்டுகளைச் சுமந்துகொண்டு சிவாஜிநகர் கோர்ட்டில் சீனியர் பின்னால் அலைச்சல். புஸ்தகத்தைத் திறக்கும்போது ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிடும். போன செமஸ்டரில் இரண்டு பேப்பர் போய்விட்டது. பரீட்சைக்கு முன் பத்து நாள் லீவு கேட்டான், கிடைக்கவில்லை. ஆபீசை விட்டுவிடு என்கிறாள் அவன் அம்மா. விட்டால் தொழில் எப்படிப் படியும் என்கிறான் அவன். கடைசியில் விஷயம் தீர்ப்புக்காக என்னிடம் வந்தது. நான் சட்டம் படித்தவனில்லை. ஆனால் சட்டம் படித்த ஒரு பெரியவரின் சரித்திரம் தெரியும். அதையே அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

சர் தி. முத்துசாமி ஐயர் 1832 ஜனவரி 28-ஆம் தேதி தஞ்சை ஜில்லா உச்சுவாடி கிராமத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனார் காலமானார். தாயார் பிழைப்புக்காகக் குழந்தைகளோடு திருவாரூர் வந்தார். படிக்க வேண்டிய வயதில் முத்துசாமி கிராமக் கணக்கரிடம் உதவியாளாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் ஒரு ரூபாய். சில காலத்தில் தாயாரும் போய்விட்டார்.

அப்போது அங்கே தாசில்தாராக இருந்தவர் முத்துசாமி நாயக்கர். ஒருநாள் ஆற்றில் உடைப்பு ஏற்பட்டதாகத் தகவல் வந்தது. பெரியவர்கள் யாரும் கைவசம் இல்லாததால் பார்த்துவரப் பையனையே அனுப்பினார். உடைப்பு எவ்வளவு அகலம், அடைக்க என்னென்ன வேண்டும் என்று எல்லா விவரத்தையும் பையன் சேகரித்து வந்து சொன்னான். தாசில்தாருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. விசாரித்துப் பார்த்ததில் ஒவ்வொன்றும் சரியாக இருந்ததாம்.

இப்படி ஒரு கெட்டிக்காரப் பையன் கிடைத்தால் நாம் என்ன செய்வோம்? நாலு ரூபாய் கூடப் போட்டு நம்மிடமே வைத்துக்கொள்வோம். நாயக்கர் அப்படிச் செய்யவில்லை. வேலைக்கிடையில் அவரைப் படிக்கவிட்டார். பிறகு தம் கையிலிருந்தே விலக்கி நாகப்பட்டினத்துக்கும், அங்கிருந்து சென்னைக்கும் படிக்க அனுப்பி வைத்தார். சென்னையில் தெருவிளக்கின் கீழ் உட்கார்ந்து முத்துசாமி படித்த கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்த விளக்கடிவரை அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த தாசில்தாரைத்தான் மறந்துவிடுகிறோம்.

1854-இல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் முதலாவதாக வந்து ரூ.500 பரிசு பெற்றார். ரூ.60 சம்பளத்தில் ஆசிரியரானார். பிறகு பள்ளிக்கூட உதவி இன்ஸ்பெக்டர் உத்தியோகம். அந்த நாளில் அரசாங்கம் புதிதாக வக்கீல் பரீட்சையை ஏற்படுத்தியது. உத்தியோகத்தில் இருந்தபடியே எழுதித் தேறி, தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். 1859-இல் தஞ்சாவூரில் டெபுடி கலெக்டர், 1865-இல் தென் கன்னடத்தில் பிரின்ஸிபல் சதர் அமீன், 1868-இல் சென்னை போலீஸ் மாஜிஸ்திரேட் என்று உயர்ந்தார்.

மாஜிஸ்திரேட் ஆனபோது அவருக்கு வயது 36. கௌரவமான பதவி, போதுமான சம்பளம், நீதி வழங்கிய அனுபவம் எல்லாம் இருந்தன. இல்லாதது சட்டப் பட்டம் ஒன்றுதான். பகலில் வழக்கு விசாரித்துக்கொண்டே பிரஸிடென்சி காலேஜில் சட்டம் படித்து பி.எல். தேறினார். தம்மைவிட எவ்வளவோ சிறியவர்களோடு சேர்ந்து மாணவராக இருக்க அவர் கூச்சப்படவில்லை.

அந்தப் படிப்பு அவருக்கு வெறும் பட்டமாக நின்றுவிடவில்லை. மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது ஓர் இந்தியரை அடித்ததாக ஆங்கிலேய ஹைகோர்ட் நீதிபதி ஒருவர் மீதே புகார் வந்தது. தமக்கு மேலான பதவியில் இருப்பவர் என்று பாராமல் அவருக்குச் சம்மன் அனுப்பி மூன்று ரூபாய் அபராதம் விதித்தார் என்று அவருடைய சரித்திரத்தில் சொல்லப்படுகிறது.

1878-இல் சென்னை ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியாக நியமிக்கப்பட்டார். ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் அதைக் கடுமையாகத் தாக்கின. பதில் சொல்ல நம்மவர்களிடம் பத்திரிகை இல்லை. ஆறு இளைஞர்கள் கடன் வாங்கிய பணத்தில் 80 பிரதிகள் அச்சிட்டு 1878 செப்டம்பர் 20-இல் ஆரம்பித்த வாரப் பத்திரிகைதான் ‘ஹிந்து’. அந்த ஆறு பேரில் இருவர் ஆசிரியர்கள். மீதி நால்வரும் சட்டக் கல்வி மாணவர்கள்! படித்துக்கொண்டே இன்னொரு வேலையும் பார்ப்பது அவர்களுக்கும் புதிதல்ல.

1893-இல் மூன்று மாதம் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். நாங்கள் வசிக்கும் இந்தப் புனேயில் வெகுகாலம் நீதிபதியாக இருந்த மகாதேவ கோவிந்த ரானடே, பம்பாய் ஹைகோர்ட் நீதிபதியானதும் அதே 1893-இல்தான். பதவியில் இருக்கும்போதே, 1895 ஜனவரி 25-இல், முத்துசாமி ஐயர் காலமானார். சென்னை ஹைகோர்ட்டுக்குள் அவருடைய பளிங்குச் சிலையை இன்றும் பார்க்கலாம்.

இதைச் சொல்லி முடித்ததும் பேரன் கேட்டான்: தாத்தா, அவருக்கு ஒரு தாசில்தார் கிடைத்தார், எனக்கு? எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. முயற்சி இருந்தால் போதும் என்று உபதேசம் செய்யத்தான் உட்கார்ந்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. முத்துசாமி ஐயருக்கு இருந்த உழைப்பு இவனுக்கும் இருக்கலாம். ஆனால் கைக்கு உதவியான பையனை, அவன் நன்மைக்காக விட்டுக்கொடுக்கிற மனசு மேலே இருப்பவருக்கு வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இரண்டு பாகம். பேரனுக்குச் சொன்னது: ஆபீசை விடாதே. கோர்ட்டில் பார்ப்பதை அன்று ராத்திரியே புஸ்தகத்தில் தேடிப் படி, இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகும். பரீட்சை லீவை மட்டும் கடைசி நேரத்தில் கேட்காமல் செமஸ்டர் ஆரம்பத்திலேயே தேதியோடு எழுதிக் கொடு. அதற்கும் மறுத்தால் வேறு ஆபீஸ் பார். அவன் அம்மாவும் இதற்குச் சம்மதித்தாள்.

இரண்டாவது பாகம் நம் அங்கத்தினர்களுக்கு. நம்மில் வக்கீல்களும் ஆடிட்டர்களும் பல ஊர்களில் ஆபீஸ் நடத்துகிறீர்கள். எந்த ஜாதியானாலும், உங்களிடம் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற பிள்ளை, பெண் யாராவது இருந்தால், பரீட்சைக்கு முன் பத்து நாள் சந்தோஷமாக விடுங்கள். நம் குலத்துப் பையன் ஒருவன் ஹைகோர்ட் ஏறியதற்குக் காரணம் ஒரு நாயக்கரின் பெரிய மனசு. அந்தக் கடனை நாம் இப்படித்தான் தீர்க்க முடியும்.