ஐந்தாம் வகுப்புக் கணக்கை விடாத மேதை

சீனிவாச இராமானுஜனைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், மறுபடியும் 1729-ஆ, டாக்ஸி கதையா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். அந்த டாக்ஸி இந்தக் கட்டுரைக்குள் வராது. நான் சொல்ல வந்தது வேறு. பின்னம், தசமம், சதவீதம் என்று நாமெல்லாம் ஐந்தாம் வகுப்போடு தலைமுழுகிவிட்டு வந்த சங்கதிகள் இருக்கின்றனவே, அவற்றை அந்த மனிதர் எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தார், அவை அவரை என்ன பாடுபடுத்தின என்பதுதான் விஷயம்.

நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு. ஒர்க்‌ஷாப்பில் வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுக்கிறோம். லீஸ்ட் கவுன்ட் 1/50 மில்லிமீட்டர். தசமத்தில் எவ்வளவு என்று கேட்டால், 0.02 என்பது வாயில் வருவதற்கு முன்னால் கை கால்குலேட்டரைத் தேடுகிறது. சரி, கதைக்கு வருவோம்.

1887 டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில், பாட்டி வீட்டில் பிறந்தார் இராமானுஜன். வளர்ந்தது கும்பகோணம், சாரங்கபாணி சன்னதித் தெரு. அப்பா சீனிவாச அய்யங்கார் ஜவுளிக்கடையில் கணக்கெழுதும் குமாஸ்தா. அம்மா கோமளத்தம்மாள். 1892-இல் விஜயதசமிக்குத் திண்ணைப் பள்ளியில் சேர்த்தார்கள். திண்ணைப் பள்ளி என்றால் எண்சுவடிதான். முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பிள்ளைகள் பின்னத்தைப் பாட்டு மாதிரி ஒப்பிப்பார்கள். மாகாணி என்பது 1/16. மா என்பது 1/20, இன்றைய கணக்கில் 0.05, அதாவது 5 சதவீதம். முந்திரி 1/320. நெல்லும் நிலமும் அளந்த தஞ்சைச் சீமையில் பின்னம் தெரியாமல் பிழைக்க முடியாது.

பிறகு காங்கேயன் தொடக்கப் பள்ளி. 1897 நவம்பரில் நடந்த தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதல். ஆனால் பையனுக்கு அதில் ஒரு வருத்தம். கணக்கில் இவருக்கு 45-க்கு 42, கூடப் படித்த நண்பனுக்கு 43. சதவீதத்தில் பார்த்தால் இவருக்கு 93.3, அவனுக்கு 95.6. இந்த ஒரு மார்க்குக்காக இராமானுஜன் தன்னோடு பேசவே மாட்டேன் என்று கோபித்துக்கொண்டதை அந்த நண்பர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். பத்து வயசுப் பிள்ளையை அப்போதே சதவீதம் சுட்டுவிட்டது!

பள்ளி நாள் கதை இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்று பழத்தை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒன்று, எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்றுதான் வரும் என்று வாத்தியார் நடத்தியிருக்கிறார். பழமே இல்லாமல், ஆளும் இல்லாமல் இருந்தால் அப்போதும் ஆளுக்கு ஒன்றா என்று கேட்டானாம் பையன். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கும் கேள்வி. நமக்கு அதே கேள்வி கால்குலஸில் லிமிட் என்ற பெயரில் வந்து பயமுறுத்துகிறது.

1898-இல் டவுன் ஹைஸ்கூல். அங்கே தசமம்தான் அவருக்கு விளையாட்டு. பை, ரூட் இரண்டு இவற்றின் மதிப்பை நண்பர்கள் கேட்கக் கேட்கத் தசம இலக்கமாக அடுக்கிக்கொண்டே போவார். 1904-இல் கணக்குப் பரிசு கொடுத்தபோது, இந்த மாணவனுக்கு முழு மார்க்குக்கு மேலேயே போடலாம் என்ற அர்த்தத்தில் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி அய்யர் மேடையில் பாராட்டினார். நூறு சதவீதமும் போதவில்லை!

அப்படிப்பட்டவர் கல்லூரியில் என்ன ஆனார்? கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர வேறெதையும் தொடவில்லை. ஸ்காலர்ஷிப் போயிற்று. 1906-இல் சென்னை வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எஃப்.ஏ. பரீட்சை அந்த வருஷமும் ஃபெயில், 1907-லும் ஃபெயில். உடலியல் தாளில் பத்து சதவீதம்கூடத் தேறவில்லை. நூற்றுக்கு மேல் என்றவரும் இவர்தான், பத்துக்குக் கீழே என்றவரும் இவர்தான். நம்ம பாஷையில் சொன்னால் அரியர் மேல் அரியர். டிகிரி இல்லை, வேலை இல்லை. 1909-இல் ஜானகி அம்மாளோடு கல்யாணம் வேறு.

இந்த இடத்தில் சில பேர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். இராமானுஜனே ஃபெயில், நாம எம்மாத்திரம் என்று. அவசரப்படாதீர்கள். பரீட்சையில் ஃபெயிலான அந்த வருஷங்களிலும் அவர் பயிற்சியை ஒரு நாளும் விட்டதில்லை. பேப்பர் வாங்கக் காசில்லாமல் ஸ்லேட்டில் கணக்குப் போடுவார். அழிக்கத் துணி தேட நேரமில்லாமல் முழங்கையாலேயே அழிப்பார். விடையை மட்டும் நோட்டில் ஏற்றுவார். முழங்கை கறுத்துப்போகும் அளவுக்குப் பயிற்சி! நம்மில் யாருக்கு அப்படிக் கறுத்திருக்கிறது?

1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வந்த அவருடைய முதல் கட்டுரையும் பின்னங்களைப் பற்றியதுதான். பெர்னூலி எண்கள் என்று ஒரு வரிசை: 1/6, 1/30, 1/42, 1/30, 5/66 என்று போகும். அடியில் இருக்கும் எண்களைப் பாருங்கள். எல்லாமே 6-ஆல் மீதியில்லாமல் வகுபடும். ஒவ்வொரு பின்னமாகச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தவர் கண்ணில்தான் இந்த ஒழுங்கு படும்.

1912 மார்ச் 1-ஆம் தேதி மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் கணக்குப் பிரிவில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மாதம் 30 ரூபாய். தாம்பரத்தில் நாம் ஏறுகிற பீச் ரயில் கடைசியில் போய் நிற்கிறதே, அதற்கு எதிரே தெரிகிற துறைமுகம்தான். அங்கே மேலதிகாரி நாராயண அய்யரும் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவரைப் புரிந்துகொண்டார்கள். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் போனது. அதில் ஹார்டியை மலைக்கவைத்தவை தொடர் பின்னங்கள். பின்னத்தின் அடியில் ஒரு பின்னம், அதன் அடியில் இன்னொரு பின்னம் என்று முடிவில்லாமல் இறங்கிக்கொண்டே போகும் சமாச்சாரம்.

1914 மார்ச் 17-ஆம் தேதி நெவாசா என்ற கப்பலில் புறப்பட்டார். அந்த வருஷம் வெளியிட்ட கட்டுரையில் பை மதிப்புக்குப் பல வழிகள் தந்திருந்தார். ஒன்றை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 361-ஐ 22-ஆல் வகுத்து, அதோடு 81-ஐக் கூட்டி, இரண்டு தடவை வர்க்கமூலம் எடுங்கள். 3.14159265 வரைக்கும் பை அப்படியே வரும். நாம் போடுகிற 22/7 மூன்றாவது தசம இலக்கத்திலேயே கழன்றுவிடும், பிழை 0.04 சதவீதம். அதே கட்டுரையில் இருந்த ஒரு தொடரை வைத்துத்தான் 1985-இல் அமெரிக்காவின் கோஸ்பர் கம்ப்யூட்டரில் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட தசம இலக்கங்களைக் கண்டார்.

கேம்பிரிட்ஜில் ஒரு நாள் இராமானுஜன் அடுப்பில் காய் வதக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நண்பர் மகலநோபிஸ் பத்திரிகைப் புதிர் ஒன்றைப் படித்தார். ஒரு தெருவில் 1, 2, 3 என்று வீட்டு எண்கள். ஒரு வீட்டுக்கு இடது பக்க எண்களின் கூட்டுத்தொகையும் வலது பக்கக் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். எந்த வீடு? இராமானுஜன் கரண்டியை வைக்காமலே ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். இந்த ஒரு தெரு மட்டுமல்ல, அப்படிப்பட்ட எல்லாத் தெருவுக்கும் விடை அதற்குள் இருந்தது.

நாமும் பின்னத்தால் அங்கே போக முடியும். 6-இல் ஆரம்பியுங்கள். 6-இலிருந்து 1/6-ஐக் கழித்தால் 35/6. அதைத் தலைகீழாக்கி, 6-இலிருந்து 6/35-ஐக் கழித்தால் 204/35. மேலே வருகிற எண்கள் 6, 35, 204. எட்டு வீட்டுத் தெருவில் 6-ஆம் வீடு, 49 வீட்டுத் தெருவில் 35-ஆம் வீடு, 288 வீட்டுத் தெருவில் 204-ஆம் வீடு. புதிரின் விடை 204. போட்டதெல்லாம் ஐந்தாம் வகுப்புக் கழித்தல்தான்.

1917-இல் உடம்பு விழுந்தது. காசநோய் என்று சிகிச்சை செய்தார்கள். கல்லீரலைத் தாக்கிய அமீபாத் தொற்றாக இருக்கலாம் என்று 1994-இல் ஒரு மருத்துவ ஆய்வு சொன்னது. இங்கிலாந்தில் அவர் தங்கிய சானடோரியங்களில் ஒன்றை நடத்தியவர் நம்மவர், டாக்டர் சவுரிமுத்து. இருவரும் 1914-இல் அதே நெவாசா கப்பலில் போனவர்கள். பின்னாளில் தாயகம் திரும்பிய டாக்டர் 1928-இல் ஒரு சானடோரியம் தொடங்கினார். அதுதான் நம்ம தாம்பரம் சானடோரியம்! இன்றைய அரசு நெஞ்சக மருத்துவமனை. தினமும் ரயிலில் கடந்து போகிறோமே, அந்த ஸ்டேஷன் பெயருக்குப் பின்னால் இராமானுஜனுக்கு வைத்தியம் பார்த்த கை இருக்கிறது.

1918-இல் ராயல் சொசைட்டி ஃபெலோ. எஃப்.ஏ. தேறாதவருக்கு எஃப்.ஆர்.எஸ்.! 1919-இல் நோயோடு ஊர் திரும்பினார். படுக்கையிலும் கணக்குதான். 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சேத்துப்பட்டில், 32 வயதில் காலமானார். ஜானகி அம்மாள் 1994 வரை வாழ்ந்தார்.

நண்பர்களே, சதவீதம் அவரைப் பத்துக்குக் கீழேயும் போட்டது, நூறுக்கு மேலேயும் தூக்கியது. இரண்டையும் தாண்டி நின்றது அவர் தினமும் போட்ட கணக்கு. மார்க் ஷீட்டில் வருகிற சதவீதம் நம் கையில் பாதிதான் இருக்கிறது. பயிற்சி முழுக்க நம் கையில். நாளைக்குக் கால்குலேட்டரைப் பையிலேயே வைத்துவிட்டு, 204-க்கு அடுத்த வீட்டு எண்ணைக் கண்டுபிடியுங்கள். 6-இலிருந்து 35/204-ஐக் கழித்தால் போதும். தாம்பரத்தில் ஏறி உட்கார்ந்து ஆரம்பித்தால், சேத்துப்பட்டு வருவதற்குள் முடிந்துவிடும்.