கதை எழுதிய முன்சீப் – மாயூரம் வேதநாயகம் பிள்ளை



கோடை விடுமுறையில் மறைக்கல்வி வகுப்புக்கு வந்த சிறுவன் ஒருவனின் பையில் இருந்த தடித்த புத்தகத்தை அவனுடைய தாயே எடுத்துவந்து நம் கையில் கொடுத்தார். மந்திரவாதிகளும் மாயக்கோல்களும் நிறைந்த ஹாரி பாட்டர் கதை அது. மூத்தவனோ காந்திபுரம் பேருந்து நிலையத்தில் பாக்கெட் நாவல் வாங்கி வருகிறானாம். அதில் கொலையும் துப்பறிதலும். பிள்ளைகள் இவற்றைப் படிக்கலாமா, இது பாவமா என்று அந்தத் தாய் கேட்டார். ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் பதிலை எதிர்பார்த்தார். நம்மால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

கோவையில் வாழும் நமக்கு இந்தக் கேள்வி புதியதல்ல. ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பறியும் நாவல்களை எழுதிய ராஜேஷ்குமார் நம் ஊர்க்காரர். உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் அட்டை கிழிந்த மர்மக் கதைகளைத் தேடி எடுத்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. குருமடத்தில் சேர்வதற்கு முன்பு நாமும் அப்படித் தேடியவர்தாம் என்பதை இங்கே ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை. ஆனால் தேடிக் கண்டெடுப்பது ஒன்று, எடுத்ததை நல்லது கெட்டது என்று தீர்ப்பிடுவது வேறொன்று. இந்த இரண்டாவது வேலைக்கு நமக்கு வழிகாட்டக்கூடிய ஒருவர் நம் தமிழகத் திருச்சபையிலேயே வாழ்ந்திருக்கிறார். தொழிலால் அவர் நீதிபதி. தமிழில் முதல் நாவலை எழுதியவர். நம்மைப் போலவே செபமாலை சொல்லும் கத்தோலிக்கர். அவர்தான் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில் சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மைக்கும் மகனாகப் பிறந்தார். தியாகப்பிள்ளை என்பவரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். திருச்சி நீதிமன்றத்தில் பதிவேடுகளைக் காக்கும் பணியில் தொடங்கி மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பிறகு சீர்காழியிலும் மாயூரத்திலும் பணியாற்றினார். இன்று நாம் மயிலாடுதுறை என்று அழைக்கும் அந்த மாயூரத்தின் பெயரே அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் அந்த நகரசபையின் தலைவராகவும் இருந்தார்.

முன்சீப் மன்றத்துக்கு வருபவை கொலை வழக்குகள் அல்ல. வரப்புத் தகராறு, கடன் பத்திரம், பாகப் பிரிவினை, பொய்ச் சாட்சி ஆகியவைதாம் நாள்தோறும் வரும். ஒரே நிகழ்ச்சியை இருவர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். இருவரும் சத்தியம் செய்வார்கள். அவர்களில் யார் சொல்வது உண்மை என்று கண்டுபிடிப்பதே அவருடைய அன்றாட அலுவல். இன்றைய துப்பறியும் நாவலைத் தாங்கி நிற்பதும் இதே அலுவல்தான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

வழக்காட வரும் எளிய மக்களுக்குச் சட்டம் புரிய வேண்டும் என்பதில் அவருக்கு மிகுந்த அக்கறை இருந்தது. எனவே 1805 முதல் 1861 வரையிலான உயர்மன்றத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் தந்தார். அதுவே 1862இல் வெளிவந்த 'சித்தாந்த சங்கிரகம்'. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1859இல், 'நீதிநூல்' என்னும் செய்யுள் நூலை வெளியிட்டிருந்தார். கைக்கூலி வாங்கும் அதிகாரிகளை அதில் கடுமையாகச் சாடினார். தாமே அரசு ஊழியத்தில் இருந்துகொண்டு இப்படி எழுதியதற்குத் துணிவு வேண்டும். 1869இல் பெண்கல்விக்காக வாதாடும் 'பெண்மதி மாலை' வந்தது.

சைவப் பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய நெருங்கிய நண்பர். அவர் இந்தக் கத்தோலிக்க நண்பரைப் பாட்டுடைத் தலைவராக்கி 'குளத்துக்கோவை' என்னும் நூலையே பாடினார். வேதநாயகமோ தேவமாதா அந்தாதியும் பெரியநாயகி அம்மை பதிகமும் பாடிய அதே கையால் எல்லாச் சமயத்தவரும் பாடக்கூடிய 'சர்வசமய சமரசக் கீர்த்தனை'களையும் எழுதினார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடும் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். அதைக் கண்டு நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடியதும் வரலாறு.

அந்தப் பஞ்சம் ஓய்ந்த மறு ஆண்டில், 1879இல், 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சில் வந்தது. தமிழில் அதுவரை கதை என்றால் பெரும்பாலும் செய்யுள்தான். உரைநடைக் கதைகள் சில இருந்தன. ஏன், நம் வீரமாமுனிவர் அடிகளே 'பரமார்த்த குருவின் கதை' எழுதிச் சிரிக்க வைத்தவர். ஆனால் ஒரு மனிதனின் பிறப்பு, படிப்பு, திருமணம், துன்பம் எல்லாவற்றையும் தொடர்ந்து சொல்லும் நீண்ட உரைநடைக் கதை இல்லை. இந்தக் குறையைத் தீர்க்கவே தாம் எழுதியதாக அவர் முன்னுரையில் தெரிவிக்கிறார். செய்யுளில் சொன்ன அறங்கள் கதையில் நடந்து காட்டினால்தான் மக்கள் மனத்தில் பதியும் என்பது அவர் எண்ணம்.

இனி கதைக்கு வருவோம். பாடநூலில் பெயரை மட்டும் படித்தவர்கள் இதை ஏதோ உபதேச நூல் என்றே நினைத்திருப்பார்கள். உண்மையில் இது ஒரு சாகசக் கதை. வேட்டைக்குப் போன இடத்தில் யானை மிரண்டு ஓட, பிரதாபன் வழிதவறி, விக்கிரமபுரி என்னும் அறியாத ஊரை அடைகிறான். அரசன் இல்லாமல் ஒழுங்கு குலைந்த ஊர் அது. ஒரு செருப்பு விவகாரத்தில் சிக்கி, நியாயமே இல்லாத விசாரணைக்குப் பின் சிறையில் அடைக்கப்படுகிறான். கணவனைத் தேடி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் புறப்படுகிறாள். அந்த ஊரில் அரசனைத் தேர்ந்தெடுக்க யானையிடம் மாலையைக் கொடுத்து அனுப்புகிறார்கள். யானை அந்த மாலையை ஆண் வேடத்தில் இருக்கும் ஞானாம்பாளின் கழுத்தில் போடுகிறது! அவள் அரசனாகி, நீதிமன்றங்களைச் சீர்திருத்தி, கணவனையும் மீட்கிறாள். மாறுவேடம், காணாமற்போதல், சிறை, தற்செயல் என்று இன்றைய இளைஞர் சாகச நாவலில் எவையெல்லாம் உண்டோ அவையெல்லாம் இதிலும் உண்டு. 1879இல் ஒரு பெண்ணை அரியணையில் உட்காரவைத்து நீதி வழங்கச் செய்தார் என்பது தனிச் சிறப்பு. இடையிடையே வரும் கிளைக்கதைகளோ எண்ணற்றவை. தமிழ் மக்களின் வழக்கை வழக்கறிஞர்கள் ஆங்கிலத்தில் வாதாடுவதைக் கிண்டல் செய்யும் இடத்தில் அந்த முன்சீப்பின் குரலை நன்றாகவே கேட்கலாம்.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்குத் திரும்புவோம். நல்ல கதையை எப்படி அடையாளம் காண்பது என்பதற்கு வேதநாயகம் பிள்ளை ஓர் அளவுகோல் வைத்திருந்தார். ஆங்கில அறிஞர் டாக்டர் ஜான்சனின் கருத்தைப் பின்பற்றி, தம் கதையின் முதன்மை மாந்தரைக் குறையற்ற நற்குணம் உடையவர்களாகப் படைத்திருப்பதாக முன்னுரையில் கூறுகிறார். ஜான்சன் 1750இல் எழுதிய ஒரு கட்டுரையில் நாவல்களைப் பற்றி விரிவாகப் பேசினார். இவற்றைப் பெரும்பாலும் படிப்பவர்கள் இளையோர். அவர்கள் கதைமாந்தரைப் பார்த்து நடக்கக் கற்பவர்கள். ஆகவே நன்மையும் தீமையும் ஒரே ஆளிடம் கலந்து, தீமையும் அழகாகத் தோன்றும்படி எழுதுவது ஆபத்து என்பதே அதன் சாரம். ஆக, இன்று நம் பங்கில் எழும் கவலை 270 ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் எழுந்த கவலைதான். அக்காலத்து முன்சீப் ஒருவர் அதை மாயூரத்தில் உட்கார்ந்து படித்து, ஏற்று, தமிழில் செயல்படுத்தினார்.

இந்த அளவுகோலில் நாம் ஏற்பது ஒன்று, தயங்குவது ஒன்று. கதையில் மாறுவேடம் இருக்கிறதா, சிறை இருக்கிறதா, குற்றம் இருக்கிறதா என்று வேதநாயகம் பிள்ளை பார்க்கவில்லை. அவை எல்லாம் அவர் கதையிலேயே உண்டு. கதை முடியும்போது படித்தவன் எதை விரும்பும்படி விடப்படுகிறான் என்பதையே பார்த்தார். இதை ஏற்கிறோம். தாவீது அரசனின் பாவத்தை நாத்தான் நேரே சொல்லவில்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய செல்வனைப் பற்றிக் கதை சொன்னார். தாவீதே தீர்ப்புச் சொல்லித் தன் தீர்ப்பிலேயே அகப்பட்டான். துப்பறியும் கதையும் நமக்கு அந்நியமல்ல. நமது கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் தானியேல் நூலின் இணைப்புகளைத் திறந்து பாருங்கள். சூசன்னா மேல் பொய்க்குற்றம் சாட்டிய இரு முதியவர்களையும் தானியேல் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று விசாரிக்கிறார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மரத்தைச் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். பேல் கோவிலின் தரையில் சாம்பலைத் தூவி, இரவில் படையலைத் தின்ற பூசாரிகளின் கால்தடத்தைக் காட்டுகிறார். தடயம் பார்க்கும் இன்றைய எந்தக் காவல் அதிகாரியும் இதைத்தான் செய்கிறார்.

நாம் தயங்குவது குறையற்ற கதாநாயகர்கள் என்ற விதியில்தான். சிறு பிள்ளைகளுக்கு அது பொருந்தும். வளர்ந்த இளைஞனுக்கு அது போதாது என்பது நம் எண்ணம். பிரதாப முதலியார் சரித்திரத்தில் நல்லவர்கள் பக்கம் பக்கமாக அறிவுரை சொல்லும்போது, நாமே சில பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போனதுண்டு. நற்செய்தியாளர்கள் பேதுருவை அப்படிக் காட்டவில்லை. அவர் மறுதலித்ததையும் அழுததையும் மறைக்காமல் எழுதினார்கள். ஆங்கிலக் கத்தோலிக்க எழுத்தாளர் செஸ்டர்டன் 1911இல் முதல் தொகுதியாக வெளியிட்ட பிரவுன் அடிகளார் கதைகளில் துப்பறிபவர் ஓர் எளிய குரு. ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்து பாவங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் குற்றவாளியின் மனம் அவருக்குப் புரிகிறது. திருடனைப் பிடிப்பதோடு அவர் நிறுத்துவதில்லை, அவனை மனந்திரும்பவும் வைக்கிறார். செஸ்டர்டன் இக்கதைகளைத் தொடங்கியபோது கத்தோலிக்கரே அல்ல. 1922இல்தான் திருச்சபையில் சேர்ந்தார். பாவத்தை உள்ளபடி காட்டும் கதையும் நல்ல கதையாகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நமக்குக் கிடைக்கவில்லை.

மந்திரக் கதைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சூனியம், மாந்திரீகம் ஆகியவற்றைத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் திட்டவட்டமாக விலக்குகிறது. நம் கொங்குச் சீமையிலும் செய்வினை எடுப்பதாகச் சொல்லிப் பணம் பறிப்பவர்கள் உண்டு. அவர்களிடம் போகாதீர்கள் என்று பலமுறை சொல்லியிருக்கிறோம். ஆனால் கதையில் வரும் பறக்கும் குதிரைக்கும் செய்வினைக்காரரின் தாயத்துக்கும் உள்ள வேறுபாடு பத்து வயதுப் பிள்ளைக்கே தெரியும். 1954, 1955 ஆண்டுகளில் 'மோதிரங்களின் தலைவன்' என்னும் மாபெரும் கற்பனைக் கதையை வெளியிட்ட டோல்கீன், தாயை இழந்தபின் ஒரு கத்தோலிக்கக் குருவின் பொறுப்பில் வளர்ந்தவர், வாழ்நாளெல்லாம் பக்தியுள்ள கத்தோலிக்கர். அவர் கதையில் அந்த மோதிரத்தின் ஆற்றலைப் பிடித்துக்கொள்பவன் அழிகிறான்.

வேதநாயகம் பிள்ளை 1887இல் 'சுகுணசுந்தரி' என்னும் இரண்டாவது நாவலை வெளியிட்டார். நம் கோவை, மறைமாவட்டமாக உயர்த்தப்பட்டதற்கு அடுத்த ஆண்டு அது. முதல் நாவல் அளவுக்கு அது பேசப்படவில்லை. 1889 ஜூலை 21ஆம் நாள் மாயூரத்தில் இறைவனடி சேர்ந்தார். அவர் திறந்த வழியில் சில ஆண்டுகளிலேயே நடேச சாஸ்திரி துப்பறியும் கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அதன்பின் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கில நாவல்களைத் தழுவி மர்மக் கதைகளை எழுதிக் குவித்தார்கள். அவற்றுள் எத்தனை வேதநாயகம் பிள்ளையின் அளவுகோலுக்குத் தேறும் என்பது வேறு விஷயம்.

அந்தத் தாயிடம் நாம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தோம். மகன் படித்து முடித்ததும் தாமும் அதைப் படித்துவிட்டு, யாரை அவனுக்குப் பிடித்தது, ஏன் பிடித்தது என்று கேட்டுப் பார்க்கச் சொன்னோம். கூடவே பங்கு நூலகத்திலிருந்து பிரதாப முதலியார் சரித்திரத்தையும் கொடுத்தனுப்பினோம், அறிவுரை நீளும் இடங்களைத் தாண்டிப் படிக்கலாம் என்ற அனுமதியோடு. இரண்டு வாரம் கழித்துத் திருப்பலிக்கு வந்த சிறுவன், யானை மாலை போடும் இடம் வரை வந்துவிட்டதாகச் சொன்னான். மூத்தவன் பாதியில் பிடுங்கிக்கொண்டு தருவதில்லையாம். அந்த வழக்கை விசாரிக்கும் பொறுப்பு இப்போது நம்மிடம் வந்திருக்கிறது.