கயிற்றுக் கணக்கை ஆராய்ந்த சரஸ்வதி அம்மா

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு புதிய கட்டிடத்துக்கு அஸ்திவாரம் போடுகிறார்கள். மேஸ்திரி மூலையில் ஒரு முளை அடிக்கிறார். அதிலிருந்து ஒரு பக்கம் நூல் பிடித்து, 3 அடியில் அடையாளம் வைக்கிறார். இன்னொரு பக்கம் நூல் பிடித்து, 4 அடியில் அடையாளம் வைக்கிறார். இந்த இரண்டு அடையாளங்களுக்கும் நடுவே குறுக்காக அளக்கிறார். சரியாக 5 அடி இருந்தால், மூலை மட்டம் சரி! இல்லாவிட்டால் நூலைத் தள்ளிப் பிடிக்கிறார்.

திருவள்ளூரில் வீடு கட்டுகிற கொத்தனாருக்கும் இதே கணக்குத்தான். இது நேற்று வந்த கணக்கு அல்ல. 2 ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே நம் நாட்டில் கயிறு பிடித்து மூலை பார்த்திருக்கிறார்கள்.

அவர்கள் வெறும் பழக்கத்தால் அப்படிச் செய்தார்களா? அல்லது காரணம் தெரிந்து செய்தார்களா?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவதில் பல ஆண்டுகளைச் செலவிட்டார் ஒரு பெண்மணி. அவர்தான் கணித ஆராய்ச்சியாளர் டி. ஏ. சரஸ்வதி அம்மா.

இரண்டு படிப்பு

சரஸ்வதி அம்மா 1918-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி பிறந்தார். ஊர், செர்ப்புளசேரி. இன்று அது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. அன்று மலபார் முழுவதும் சென்னை மாகாணத்தில் சேர்ந்திருந்தது. தந்தை அச்சுத மேனன். தாயார் குட்டிமாளு அம்மா. அவர்களுக்கு இவர் இரண்டாவது மகள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணிதமும் பௌதிகமும் படித்துப் பட்டம் பெற்றார். அதோடு நின்றுவிடவில்லை. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதம் படித்து எம்.ஏ. பட்டம் வாங்கினார். ஆங்கில இலக்கியத்திலும் எம்.ஏ. தேறினார்.

கணக்குப் படித்தவருக்குச் சமஸ்கிருதம் எதற்கு?

காரணம் இருக்கிறது. பழைய கணித நூல்கள் செய்யுளாக எழுதப்பட்டவை. மொழி அறிந்த பண்டிதருக்குச் செய்யுள் புரியும், கணக்குப் புரியாது. கணக்கு வாத்தியாருக்குக் கணக்குப் புரியும், செய்யுள் புரியாது. அது இரண்டு சாவி போட்டுத் திறக்கவேண்டிய பெட்டி. சரஸ்வதி அம்மாவிடம் இரண்டு சாவிகளும் இருந்தன. பிராகிருத மொழியில் உள்ள ஜைன நூல்களையும் அவர் ஆராய்ந்தார். தாய்மொழியான மலையாளமும் கைகொடுத்தது.

ஒரு பழி

அந்தக் காலத்தில் அறிஞர்கள் பலரிடம் ஓர் எண்ணம் வேரூன்றியிருந்தது. இந்தியர்கள் கூட்டல், பெருக்கலில் கெட்டிக்காரர்கள். எண் கணக்கில் வல்லவர்கள். ஆனால் வடிவக் கணிதத்தில் அவர்களுக்கு நாட்டம் இல்லை. ஒரு கணக்கு ஏன் சரி என்று காரணம் காட்டி நிரூபிக்கும் வழக்கமே அவர்களிடம் இல்லை என்பது அந்த எண்ணம்.

இது உண்மைதானா? மேடையில் ஆவேசமாகப் பேசினால் இதற்குப் பதில் ஆகாது. ஏடு ஏடாகப் புரட்டி எடுத்துக்காட்டவேண்டும். அந்தப் பொறுமையான வேலையைத்தான் சரஸ்வதி அம்மா எடுத்துக்கொண்டார்.

1950-களின் பிற்பகுதியில் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். வழிகாட்டியவர் சமஸ்கிருதப் பேரறிஞர் டாக்டர் வி. ராகவன். திருவாரூரில் பிறந்தவர் இவர்.

செங்கல் படிக்கட்டு

சென்னையில் வெளியான ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றில், எண் வரிசைகளைப் படமாக வரைந்து காட்டிய பழைய கணித அறிஞர்களைப் பற்றி அவர் கட்டுரை எழுதினார். கேட்பதற்குக் கடினமாகத் தோன்றும். ஆனால் குழந்தைகளும் செய்து பார்க்கலாம்.

1, 2, 3, 4 இவற்றைக் கூட்டவேண்டும். ஒரு வரிசையில் 1 செங்கல் வையுங்கள். அடுத்த வரிசைகளில் 2, 3, 4 என்று வையுங்கள். ஒரு படிக்கட்டு கிடைக்கும். அதே மாதிரி இன்னொரு படிக்கட்டு செய்து, தலைகீழாகத் திருப்பி முதல் படிக்கட்டோடு பொருத்துங்கள். இப்போது 4 வரிசை. ஒவ்வொன்றிலும் 5 செங்கல். மொத்தம் 20. அதில் பாதி 10. இதுதான் விடை!

100 வரை கூட்டவேண்டுமா? 100 வரிசை, வரிசைக்கு 101. மொத்தம் 10,100. பாதி 5,050. கணக்கு ஏன் சரி என்பது கண்ணுக்கே தெரிகிறது. இதுவும் நிரூபணம்தான். கேரளத்து நீலகண்டர் போன்ற அறிஞர்கள் இந்த வகையில் காரணம் காட்டியிருக்கிறார்கள். நீலகண்டர் பிறந்தது 1444-ம் ஆண்டு.

16-ம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் எழுதிய ‘யுக்திபாஷை’ என்ற மலையாள நூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வட்டத்தின் சுற்றளவைக் கண்டுபிடிக்க, 14-ம் நூற்றாண்டில் மாதவன் என்ற மேதை ஒரு வழி சொன்னார். ஒன்றிலிருந்து மூன்றில் ஒரு பங்கைக் கழி. ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டு. ஏழில் ஒரு பங்கைக் கழி. இப்படியே முடிவில்லாமல் போ. வட்டத்தின் குறுக்களவை 4 ஆக எடுத்துக்கொண்டு, வந்த தொகையை 4 மடங்காக்கினால் சுற்றளவில் நான்கில் ஒரு பங்கு வரும். ஐரோப்பாவில் இந்தக் கணக்கு 17-ம் நூற்றாண்டில்தான் வந்தது. மாதவனின் கணக்கு ஏன் சரி என்பதை யுக்திபாஷை படிப்படியாக விளக்குகிறது.

காரணம் காட்டும் வழக்கமே இல்லை என்ற பழி எப்படி நிற்கும்?

ஊர் ஊராக உத்தியோகம்

சரஸ்வதி அம்மாவின் பிழைப்பு ஆசிரியர் வேலை. திருச்சூர் கேரள வர்மா கல்லூரியிலும், எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியிலும், பிறகு வடக்கே ராஞ்சி மகளிர் கல்லூரியிலும் பாடம் நடத்தினார். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த தன்பாத் நகரில், 1973 முதல் 1980 வரை ஒரு மகளிர் கல்லூரிக்குப் பிரின்சிபாலாக இருந்தார்.

குடும்பத்தில் ஒரு பெருந்துயரமும் நேர்ந்தது. இளைய சகோதரி ராஜலட்சுமி, மலையாளத்தில் புகழ்பெற்ற கதாசிரியை. 1965-ல் 34-வது வயதில் அவர் காலமானார்.

இவ்வளவுக்கும் நடுவே சரஸ்வதி அம்மா ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. 1979-ல் அவருடைய பெரிய நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பழங்கால, இடைக்கால இந்தியாவின் வடிவக் கணிதம் பற்றியது அது. யாகத்துக்குக் கயிறு பிடித்துச் செங்கல் மேடை அமைத்த காலம் முதல், 17-ம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அதில் ஆராயப்பட்டிருக்கிறது. சென்னையில் ஆராய்ச்சி செய்த காலத்திலிருந்து சுமார் 20 ஆண்டுகள் ஓடிவிட்டன. அப்போது அவருக்கு 60 வயது. வழிகாட்டிய ராகவன் காலமானதும் அதே 1979-ல்தான்.

இந்திய வடிவக் கணித ஆராய்ச்சிக்கு இந்த நூல் உறுதியான அஸ்திவாரம் போட்டுவிட்டது என்று ஜப்பானிய அறிஞர் மிச்சியோ யானோ மதிப்பிட்டார். இத்துறையில் ஆராய்ச்சி செய்பவர்கள் இன்றும் இந்த நூலைத் தேடிப் படிக்கிறார்கள்.

ஓய்வு பெற்ற பின் அவர் எர்ணாகுளத்தில் வசித்தார். 2000-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி, 81-வது வயதில் மறைந்தார். கேரள கணிதச் சங்கம் 2002-ல் அவர் பெயரால் நினைவுச் சொற்பொழிவு ஒன்றைத் தொடங்கியது.

அடுத்த முறை மேஸ்திரி நூல் பிடித்து மூலை மட்டம் பார்க்கும்போது, குழந்தைகளை அருகில் அழைத்துக் காட்டுங்கள். 3, 4, 5 என்று சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது. ஏன் என்று கேட்கவும் பழக்குங்கள். சரஸ்வதி அம்மா பாடுபட்டது அந்த ஒரு கேள்விக்காகத்தான்.