சிற்பம் வடித்த இளவரசி

பொன்னும் மணியும் நிறைந்த அரண்மனையில் வளர்ந்த ஒரு பெண், களிமண்ணைப் பிசைவதில் மகிழ்ச்சி கண்டார் என்றால் நமக்கு வியப்பாக இருக்கிறது அல்லவா? அவர்தாம் பிரான்சு நாட்டு இளவரசி மேரி.

1813-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் மேரி பிறந்தார். புரட்சியால் தாய்நாட்டை விட்டு வெளியேறியிருந்த ஆர்லியன்ஸ் குடும்பம் அப்போது அங்கே வாழ்ந்தது. 1830-இல் தந்தை லூயி பிலிப் பிரான்சின் மன்னரானார். தாய் மேரி அமேலி ஆழ்ந்த பக்தியுள்ளவர்.

மேரிக்கு ஓவியர் ஆரி ஷெஃபர் கலை பயிற்றுவித்தார். வரைவதோடு நில்லாமல் சிலை வடிக்கவும் மேரி முனைந்தார். சிற்பம் ஆண்களின் தொழில் என்று உலகம் எண்ணிய காலம் அது. பாரிஸ் அரசு நுண்கலைப் பள்ளி பெண்களுக்குக் கதவு திறந்ததே 1897-இல்தான். மேரியோ அரண்மனையிலேயே தமக்கொரு சிற்பக்கூடம் அமைத்துக்கொண்டார்.

வெர்சாய் அரண்மனையை மன்னர் வரலாற்று அருங்காட்சியகமாக்கி 1837-இல் திறந்தார். அங்கே வைக்க ஜோன் ஆஃப் ஆர்க்கின் சிலையை வடித்தவர் மேரியே. 1429-இல் ஆர்லியன்ஸ் நகரை மீட்ட வீரமங்கையை அவர் போர்க்கோலத்தில் வாளை ஓங்கியவராகக் காட்டவில்லை. கவசம் அணிந்த ஜோன் தலைகவிழ்ந்து, வாளை மார்போடு அணைத்து, மன்றாடி நிற்கிறார். வீரத்தின் ஊற்று செபமே என்பதை அந்தச் சிலை சொல்லாமல் சொல்கிறது. திருச்சபை ஜோனைப் புனிதையாக உயர்த்தியது 1920-இல். அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே அவரது புனிதத்தை மேரி கண்டுகொண்டார்!

1837 அக்டோபரில் உர்ட்டெம்பர்க் கோமகன் அலெக்சாந்தரை மேரி மணந்தார். மறு ஆண்டு ஜூலையில் மகன் பிலிப் பிறந்தான். ஆனால் காசநோய் அவரை வாட்டியது. உடல்நலம் நாடி இத்தாலியின் பீசா நகருக்குச் சென்றவர், 1839 ஜனவரி 6-ஆம் நாள் அங்கேயே இறைவனடி சேர்ந்தார். வயது 25. குழந்தைக்கு ஆறு மாதங்கூட நிறையவில்லை. பிரான்சின் துரூ நகரில், அரச குடும்பத்தின் சிற்றாலயத்தில் அவர் துயில்கிறார்.

அவர் தந்தையின் அரியணை 1848-இல் கவிழ்ந்தது. மகளின் சிலையோ நிலைத்தது. அதன் வெண்கலப் படி ஆர்லியன்ஸ் நகரில் இன்றும் நிற்கிறது. இரண்டாம் உலகப் போரின் குண்டுத் தழும்புகளையும் அது தாங்கியிருக்கிறது.

பட்டமும் பதவியும் பிறப்பால் வரலாம். கைத்திறனோ உழைத்தால்தான் வரும். இறைவன் நமக்கு அளித்த திறமை எதுவாயினும், அதைப் புதைத்து வைக்காமல் பயன்படுத்துவோம். வாழ்நாள் குறைவாயினும் நற்பணி நெடுநாள் வாழும்.